மூன்றாவது இரவு

1

வானியலாளர் ஒருவர் வானத்தில் புதிதாக ஒன்றைக் கண்டதும் எழுதும் அறிவிப்பு மிகச் சிறியது. எந்த நாள், அந்த நாளின் எத்தனையாவது பங்கு, வானத்தில் எந்த இடம் என்பதற்கு இரண்டு எண்கள், எவ்வளவு பிரகாசம், எந்தத் தொலைநோக்கி, அதே இடத்தை இதற்கு முன் எப்போது படமெடுத்தபோது அங்கே எதுவும் இருக்கவில்லை. இவ்வளவுதான். வியப்புக்குறி கிடையாது. எழுதியவரின் மனநிலை பற்றி ஒரு சொல் கிடையாது. இத்தகைய அறிவிப்புகளைப் பெற்று உலகெங்கும் அனுப்பிவந்த சர்வதேச அலுவலகத்தின் பெயரில், தந்தி ஒழிந்துபோன பின்னும், ‘வானியல் தந்திகள்’ என்ற சொல் அப்படியே இருக்கிறது. சொல்லுக்குக் காசு கொடுத்த காலத்தின் சிக்கனம் அந்த நடையிலும் இருக்கிறது.

இந்த அறிவிப்பை ஓர் எழுத்து வகையாக எடுத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் வானத்தைப் பற்றி நாம் தமிழில் எழுதுவதையும் பேசுவதையும் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். சங்கப் பாட்டில் வானியல், சந்திரசேகரின் எல்லை, வரப்போகும் வால்வெள்ளி என்று புலம்பெயர் மேடைகளிலும் இதழ்களிலும் நிறையவே வருகின்றன. பெரும்பாலானவை பெருமையில் தொடங்கிப் பெருமையில் முடிகின்றன. வாசித்து முடித்த பின், வாசகர் தாமே எடுத்துச் சரிபார்க்கக்கூடியதாக எதுவும் கையில் மிஞ்சுவதில்லை. இதை அறிவியல் அறிவின் குறையாக மட்டும் பார்த்துவிட்டுப் போக முடியாது. எழுத்தின் குறை அது என்பதே என் கட்சி.

2

லண்டனிலேயே நடந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். வட லண்டனில் மில் ஹில்லில், ஏ1 பெருந்தெருவின் ஓரமாக, 1929இல் திறக்கப்பட்ட ஒரு வானாய்வகம் இருக்கிறது. ஹென்டன், கொலின்டேல் பக்கம் குடியிருக்கும் எம்மவர் பலர் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள். அது மாணவர்கள் பயிற்சி பெறும் இடம். மலை உச்சியில் இல்லை. தெருவிளக்குகளின் வெளிச்சம் எப்போதும் வானத்தில் கலந்திருக்கும்.

2014 ஜனவரி 21ஆம் திகதி மாலை ஸ்டீவ் ஃபொஸி என்ற வானியலாளர் நான்கு இளநிலை மாணவர்களுக்கு அங்கே வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். மேகம் திரண்டு வந்ததால் திட்டமிட்டிருந்த பாடத்தைக் கைவிட்டு, 35 சென்ரிமீற்றர் தொலைநோக்கியில் பொருத்தியிருந்த கமராவை எப்படி இயக்குவது என்று காட்ட ஆரம்பித்தார். பிரகாசமானது, படத்தில் அழகாக விழும் என்பதற்காக எம்82 என்ற விண்மீன் மண்டலத்தைத் தெரிந்தெடுத்தார்கள். 7.20 மணியளவில், அந்த மண்டலத்தின் மீது தமக்குப் பழக்கமில்லாத ஓர் ஒளிப்புள்ளி இருப்பதை ஃபொஸி கவனித்தார். ஐந்து நிமிடத்துக்கு முன் பீட்ஸா சாப்பிட்டுக்கொண்டிருந்ததாக மாணவர் ஒருவர் பிறகு சொன்னார்.

அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு முக்கியம். பழைய படங்களை எடுத்து ஒப்பிட்டார்கள். கமராவின் கோளாறாக இருக்கலாம் என்று சந்தேகித்து வேறொரு தொலைநோக்கியைத் திருப்பினார்கள். மேகம் மூடுவதற்குள் வெவ்வேறு வடிகட்டிகளில் ஒரு நிமிட, இரண்டு நிமிடப் படங்கள் எடுத்தார்கள். தாங்கள் கண்டது பொய்யாக இருக்க எத்தனை வழி உண்டோ அத்தனையையும் அந்தச் சில நிமிடங்களில் தேடினார்கள். பிறகுதான் அறிவிப்பு. சீக்கிரமே அமெரிக்காவில் 3.5 மீற்றர் தொலைநோக்கி ஒன்று அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்து, அது 1ஏ வகை சூப்பர்நோவா என்று உறுதிசெய்தது. எஸ்.என். 2014ஜே என்று பெயர் பெற்ற அது, ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் நிகழ்ந்த வெடிப்பு. 1972க்குப் பிறகு அந்த வகையில் இவ்வளவு அருகில் ஒன்று தென்பட்டதில்லை.

அறிவிப்பு வெளியானதும் பலர் தமது பழைய படங்களைத் தேடிப் பார்த்தார்கள். ஜப்பானின் கோயிச்சி இதகாகி எடுத்துவைத்திருந்த படங்களிலும் வேறு சிலரின் படங்களிலும், அதற்கு முந்தைய வாரமே அந்தப் புள்ளி இருந்தது. அது ஏற்கெனவே பதிவாகியிருந்தது, ஆனால் யாரும் கவனித்திருக்கவில்லை. அவர்கள் தம் படங்களைக் கொடுத்தார்கள். வெடிப்பு தொடங்கிய நேரத்தை ஜனவரி 14ஆம் திகதியை ஒட்டி நிர்ணயிக்க அவை உதவின. கண்டவர் பெயர் மில் ஹில்லுடையது. கண்டதன் முழு வரலாறோ பலர் கையெழுத்தில் இருக்கிறது. அறிவிப்பு என்ற வகையின் இயல்பு இது: மற்றவர்கள் திருத்தவும் நிரப்பவும் இடம் விட்டே அது எழுதப்படுகிறது.

3

இந்தக் கண்ணோடு தமிழின் பழைய வான் அறிக்கை ஒன்றுக்குப் போவோம். புறநானூற்றின் 229ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்ததற்கான கையறுநிலை. வானிலிருந்து ஒரு மீன் விழுந்ததைக் கண்டு, அரசனுக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சியிருக்க, ஏழாம் நாள் அவன் இறந்தான் என்பது செய்தி.

மேடைகளில் இந்தப் பாட்டு இரண்டு விதமாகப் படுகிறது. ஒருசாரார், தமிழர் அன்றே வானியலில் கரைகண்டவர்கள் என்பதற்கு இதைச் சாட்சியாக நிறுத்துகிறார்கள். சிலர் பாட்டில் வரும் நட்சத்திர நிலைகளைக் கொண்டு அது பாடப்பட்ட ஆண்டையே கணிக்கவும் முயன்றிருக்கிறார்கள். மறுசாரார், மீன் விழுந்தால் மன்னன் சாவான் என்ற மூடநம்பிக்கைதானே என்று கடந்துவிடுகிறார்கள். இரண்டு பேரும் பாட்டைச் சோதித்துப் பார்க்கவில்லை.

சோதித்துப் பார்த்தால் என்ன கிடைக்கிறது? உரைகாரர் வழியில் படித்தால், அது பங்குனி மாதத்தின் முற்பாதி, கார்த்திகை நாள், கடும் இருளான நள்ளிரவு. உத்தரம் உச்சியிலிருந்து சாய்கிறது, எதிரே மூலம் எழுகிறது, மேற்கே மிருகசீரிடம் இறங்குகிறது. முதலில் மூன்று நட்சத்திரங்களை எடுப்போம். உத்தரம் உச்சியை ஒட்டி நிற்கும்போது மூலம் கிழக்கில் எழுவதும் மிருகசீரிடம் மேற்கில் தாழ்வதும் தமிழ்நாட்டு வானத்தில் சரியாகப் பொருந்துகின்றன. பங்குனியில் அது நள்ளிரவில் நடப்பதும் சரி. அடுத்தது இருள். பங்குனியில் நிலவு கார்த்திகைக்குப் பக்கத்தில் இருந்தால், அது வளர்பிறையின் தொடக்க நாட்களாக இருக்க வேண்டும். அந்த இளம்பிறை நள்ளிரவுக்கு முன்பே மறைந்துவிடும். நள்ளிரவு இருட்டு என்று பாட்டு சொல்வதும் அதனால் சரி. கூடலூர் கிழார் தந்த விவரங்கள் ஒன்றோடொன்று முரண்படவில்லை. அவர் வானத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார், அல்லது பார்த்தவரிடம் கேட்டுச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் இதிலிருந்து ஆண்டைப் பெற முடியாது. பங்குனி என்பதே விண்மீன்களை வைத்து எண்ணப்படும் மாதம். பங்குனி நள்ளிரவில் உத்தரம் உச்சியருகே நிற்பது ஒவ்வோர் ஆண்டும் நடப்பது. பாட்டின் நட்சத்திரங்கள் அந்த இரவின் மணியைத் தருகின்றன, நூற்றாண்டைத் தருவதில்லை. அதேபோல, விழுந்த மீனைச் சிலர் ஆசையில் வால்வெள்ளி ஆக்குவதும் பாட்டுக்குப் பொருந்தாது. ஒரே இரவில் கண் முன்னே தீப்பரந்து விழுந்த அது எரிவெள்ளி. வால்வெள்ளி விழுவதில்லை; நாள்கணக்கில், வாரக்கணக்கில் நட்சத்திரங்களுக்கிடையே மெல்ல நகரும்.

பாட்டின் வலிமை எங்கே என்று கேட்டால், அது கண்டதையும் கருதியதையும் கலக்காமல் அடுக்கியிருப்பதில் என்பேன். முதலில் வானம். பிறகு, கண்டவர்கள்: புலவர் தனியாக இல்லை, தாமும் பிற இரவலரும் கண்டதாகவே சொல்கிறார். பிறகு அச்சம், அதுவும் இப்படி ஆகாமல் இருக்கட்டும் என்ற வேண்டுதலாக. பிறகு ஏழு நாள் இடைவெளி. அதன் பின்பே படுத்துக்கிடக்கும் யானை, உருண்டு கிடக்கும் முரசு, ஒடிந்த குடை, நிற்கும் குதிரைகள். மீனுக்கும் மரணத்துக்கும் புலவர் போட்ட முடிச்சை நாம் ஏற்க வேண்டியதில்லை. அவிழ்க்கக்கூடிய முடிச்சாக அவர் அதைப் போட்டிருக்கிறார். முடிச்சை அவிழ்த்த பின்னும் பங்குனி நள்ளிரவு அப்படியே மிஞ்சுகிறது, துயரமும் மிஞ்சுகிறது. பெருமைக்காக மட்டும் எழுதிய எழுத்தில் முடிச்சை அவிழ்த்தால் எதுவும் மிஞ்சாது.

இங்கே லண்டனில் இருக்கும் வாசகர் ஒன்றைச் செய்து பார்க்கலாம். மார்ச் மாதக் கடைசியில் மேகமில்லாத நள்ளிரவில் வெளியே வந்தால், உத்தரம் தெற்கே நல்ல உயரத்தில் தெரியும். ஆனால் மூலத்துக்காக எத்தனை நேரம் காத்திருந்தாலும் பயனில்லை. தேளின் வாலில் இருக்கும் அந்த நட்சத்திரங்கள் இந்த அகலாங்கில் தொடுவானத்தைத் தொட்டும் தொடாமலும் போய்விடுகின்றன. பாட்டின் ஒரு பாதியைத்தான் இங்கிருந்து சரிபார்க்க முடியும். புலம்பெயர்வு பற்றி எத்தனையோ உருவகங்களை நாம் எழுதியிருக்கிறோம். உருவகமே இல்லாத இந்த உண்மையை எழுதியவர்கள் குறைவு.

4

கண்டுபிடிப்பது ஒரு வேலை, பின்தொடர்வது இன்னொரு வேலை. வால்வெள்ளிகளின் வரலாற்றில் இரண்டாவதே பெரியது. லண்டனில் பிறந்த எட்மண்ட் ஹாலி தம் பெயரில் வழங்கும் வால்வெள்ளியைக் கண்டுபிடிக்கவில்லை. 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தென்பட்டவை ஒன்றே என்று 1705இல் எழுதினார். 1758ஐ ஒட்டித் திரும்பும் என்று சொன்னார். 1742இல் இறந்துபோனார். 1758 டிசம்பர் 25ஆம் திகதி ஜெர்மனியில் யோஹான் பாலிட்ஸ் அதை மீண்டும் கண்டார். தாம் இல்லாத காலத்தில் மற்றவர்கள் சரிபார்ப்பதற்காக ஒருவர் எழுதிவைத்த வாக்கியம் அது. தவறிப்போகவும் அதில் இடம் இருந்தது.

தவறிப்போன கதை ஒன்று எமக்கு இன்னும் நெருக்கமானது, சென்னையில் நடந்தது. பியேலா என்ற வால்வெள்ளி ஏறத்தாழ ஆறரை ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. 1846இல் அது இரண்டாகப் பிளந்தது. 1852இல் இரண்டு துண்டுகளாகத் திரும்பியது. அதன் பிறகு காணவில்லை. 1872 நவம்பர் 27ஆம் திகதி இரவு, பூமி அதன் பாதையைக் கடந்தபோது, ஐரோப்பிய வானத்தில் எரிவெள்ளிகள் மழையாகப் பொழிந்தன. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரிலிருந்த கிளிங்கர்ஃபுயஸ், வால்வெள்ளி பூமியை உரசிக்கொண்டு தெற்கு வானத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று எண்ணினார். அங்கிருந்து அதைப் பார்க்க முடியாது. ஆகவே சென்னைக்குத் தந்தி அடித்தார்: பியேலா 27ஆம் திகதி பூமியைத் தொட்டது, சென்டாரஸ் மண்டலத்தின் இன்ன விண்மீனுக்கு அருகே தேடுக. அவ்வளவுதான் தந்தி.

அதைப் பெற்றவர் நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தின் தலைவர் நோர்மன் பொக்ஸன். விண்மீன்களின் பிரகாசத்தை நாம் இன்றும் அளக்கும் அளவுகோலை வகுத்தவர். 1861இல் சென்னையிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டு, இந்தக் கண்டத்திலிருந்து காணப்பட்ட முதலாவது என்பதால் அதற்கு ஆசியா என்று பெயரிட்டவர். முதலில் மேகம். டிசம்பர் 2ஆம் திகதி விடிவதற்கு முன் வானம் திறந்தது. சொன்ன இடத்துக்கு அருகில் வால்வெள்ளி போன்ற ஒன்று தெரிந்தது. அடுத்த நாளும் தெரிந்தது, வாலோடு. அதற்கடுத்து மேகமும் மழையும். மூன்றாவது முறை அதை யாரும் பார்க்கவில்லை.

புதிதாய்க் கண்ட ஒன்று சூரியனைச் சுற்றும் பாதையைக் கணிக்க, குறைந்தது மூன்று வேறு நேரங்களில் அதன் இடம் தெரிய வேண்டும். இரண்டு இடங்களைக் கொண்டு எத்தனையோ பாதைகளை வரையலாம். மூன்றாவதுதான் அவற்றில் ஒன்றைத் தெரிந்தெடுக்கிறது. பொக்ஸனிடம் இரண்டுதான் இருந்தன. கண்டதைக் கண்டபடி அறிவித்தார். அவர் கண்டது பியேலா இல்லை என்றே பின்னர் கணக்கிட்டவர்கள் முடிவுக்கு வந்தார்கள். பாதை கணிக்க முடியாத வால்வெள்ளிகளுக்கு இடப்படும் எக்ஸ் என்ற எழுத்தோடு அது இன்றும் பட்டியலில் நிற்கிறது. இதைத் தோல்வியென்று யாரும் மறைக்கவில்லை. இரண்டு காலைகளின் குறிப்பு, நூற்றைம்பது ஆண்டுகளாக மூன்றாவதற்குக் காத்திருக்கிறது.

அதே வானாய்வகத்தில் முதல் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற தென்வானத்து விண்மீன் பிரகாசம் கூடிக் குறைவதைக் கண்டறிந்தவர். 1872இல் லண்டனின் அரச வானியல் கழகத்தில் உறுப்பினரானார். எமது இதழ்களில் அவர் பெயர் வந்தால் இந்த இரண்டு தகவல்களோடு நின்றுவிடும். அவர் எழுதியது எப்படிப்பட்ட எழுத்து என்று யாரும் பேசுவதில்லை. 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்தபோது, பொதுமக்களுக்காக ஒரு சிறுநூல் எழுதினார். ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் வந்தது. பண்டிதர் ஒருவரும் சித்தாந்தி ஒருவரும் பேசிக்கொள்ளும் உரையாடல் அது. பண்டிதர் சந்தேகம் கேட்கிறார், சித்தாந்தி விளக்குகிறார். கேள்வி கேட்பவனுக்கு நூலுக்குள்ளேயே இடம் கொடுத்திருப்பது நடை பற்றிய தீர்மானம் மட்டுமல்ல. வாசகன் தலையாட்டினால் போதாது, எதிர்த்துக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

அவருடைய இன்னொரு வழக்கு இன்றும் எமது வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பஞ்சாங்கக் கணக்கு கண்ணால் காணும் வானத்தோடு பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் கணக்கைத் திருத்த வேண்டும் என்று வாதிட்டவர்களில் அவர் முன்னோடி. சித்திரை வருடப்பிறப்பு வாக்கியப்படி ஒரு நேரம், திருக்கணிதப்படி இன்னொரு நேரம் என்று லண்டன் கோயில்கள் அறிவிப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். ‘எந்தப் பஞ்சாங்கம், அம்மா?’ என்று கேட்கும் பிள்ளைக்கு, ‘எங்கட வீட்டில வாக்கியம்தான்’ என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது. திருக்கணிதத்தில் உள்ள ‘திருக்’ மரியாதைச் சொல் அல்ல. பார்வை என்று பொருள்படும் வடசொல். பார்த்துச் சரிசெய்த கணக்கு என்பதே அந்தப் பெயர். ஒரு சமூகம் தன் நாட்காட்டியை வானத்தைப் பார்த்துத் திருத்தலாமா என்று நூற்றைம்பது ஆண்டுகளாக நடக்கும் விவாதத்தின் மிச்சம் அந்த இரண்டு நேரங்களில் இருக்கிறது. பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய கதை அது.

5

லண்டன் தமிழர் அதிகம் சொல்லும் வானியல் கதை சந்திரசேகருடையது. 1930இல் பத்தொன்பது வயதில் பம்பாயில் கப்பலேறுகிறார். வெள்ளைக் குறளி என்ற வகை விண்மீன் ஓர் அளவுக்கு மேல் எடை தாங்காது என்று பயணத்திலேயே கணக்கிடுகிறார். 1935 ஜனவரி 11ஆம் திகதி, பிக்கடிலியில் பர்லிங்டன் மாளிகையில், அரச வானியல் கழகக் கூட்டத்தில் அதைச் சொல்கிறார். அடுத்துப் பேசிய எடிங்டன் அதைக் கேலி செய்கிறார், சபை சிரிக்கிறது. 1983இல் நொபெல் பரிசு. கதை முடிந்தது. கைதட்டல்.

ஆர்தர் மில்லர் 2005இல் வெளியிட்ட நூலும் இந்தக் கூட்டத்தையே அச்சாகக் கொண்டது. நட்பு, பித்து, துரோகம் என்று துணைத்தலைப்பிலேயே மூன்று சொற்கள். உழைத்து எழுதிய நூல். ஆயினும் மேடைக் கதைக்கு அது கொடுத்த தெம்பு எனக்கு உவப்பில்லை. அந்த மாலையில் நடந்தது அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. பெயர்பெற்ற பேரரசு ஒன்றின் மையத்தில், பெயர்பெற்ற ஒருவர், குடியேற்ற நாட்டிலிருந்து வந்த இருபத்துநான்கு வயது இளைஞரின் வேலையை எண்களால் மறுக்காமல் தம் செல்வாக்கால் மறுத்தார். சந்திரசேகர் சரி என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்ட பெரிய இயற்பியலாளர்கள் அதை வெளியில் சொல்லவில்லை. இது சொல்லப்பட வேண்டியதே.

என் முறைப்பாடு வேறு. அவமானமும் வெற்றியுமாகக் கதையைச் சுருக்கும்போது, அதன் மையத்தில் எடிங்டனே நிற்கிறார். சந்திரசேகர் சொன்னது என்ன என்பது வெளியே போய்விடுகிறது. அந்தக் கதையைச் சொல்லக் கேட்ட இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள் சிலரிடம் அந்த எல்லை எவ்வளவு என்று கேட்டிருக்கிறேன். சிரிப்பு நினைவிருக்கிறது, எண் நினைவில்லை. சூரியனின் எடையைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு. வெள்ளைக் குறளி ஒன்று பக்கத்திலிருக்கும் விண்மீனிடமிருந்து பொருளைப் பெற்றோ, இன்னொரு குறளியோடு இணைந்தோ இந்த எல்லையை நெருங்கும்போது அதன் கரிமம் பற்றிக்கொள்கிறது. முழு விண்மீனும் வெடித்துச் சிதறுகிறது என்பதே 1ஏ சூப்பர்நோவாக்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்.

மில் ஹில் வகுப்பில் கண்ட புள்ளி அந்த வகை என்று மேலே சொன்னேன். 2014இல் இன்டெக்ரல் என்ற ஐரோப்பிய விண்கலம் அதை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்து, கதிரியக்கக் கோபால்ட் சிதையும்போது வெளிவரும் காமாக் கதிர்களைப் பதிவுசெய்தது. வெடிப்பில் சூரியனின் எடையில் 0.6 பங்கு அளவு நிக்கல் உருவாகி, கோபால்ட்டாகி, இரும்பாகிக்கொண்டிருந்தது. வெள்ளைக் குறளி ஒன்று அணுத்தீயில் வெடித்தது என்பதற்கு அவ்வளவு நேரடியான சான்று அதற்கு முன் கிடைத்ததில்லை. குறளிக்குத் துணையாக இருந்தது எது என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. பர்லிங்டன் மாளிகைக்கும் மில் ஹில் வானாய்வகத்துக்கும் இடையே நேர்கோட்டில் பத்து மைல் கூட இல்லை. சபை சிரித்த மாலையோடு கதையை முடிக்கும் நாம், இந்தப் பத்து மைலை நடந்ததேயில்லை.

சந்திரசேகரே அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதும் மேடைக் கதையில் வராது. 1982இல் எடிங்டனின் நூற்றாண்டுக்காக அவர் கேம்பிரிட்ஜில் சொற்பொழிவாற்றினார். அது நூலானபோது, எடிங்டனைத் தம் காலத்தின் மிகச் சிறந்த வானியற்பியலாளர் என்று தலைப்பிலேயே குறிப்பிட்டார். இது பெருந்தன்மை மட்டுமல்ல. ஒருவரின் பிழையையும் பெறுமதியையும் தனித்தனிப் பத்திகளில் எழுதத் தெரிந்தவரின் ஒழுங்கு.

6

இப்போது வானத்தைத் துழாவுவது பெரும்பாலும் இயந்திரங்கள். 2025 ஜூலை 1ஆம் திகதி, சிலியில் இருக்கும் அட்லஸ் தொலைநோக்கி ஒரு மங்கலான புள்ளியைப் பிடித்தது. அடுத்த நாள் அறிவிப்பு வந்தபோதே பல நாடுகளின் தொலைநோக்கிகள் அதைப் பார்த்துவிட்டன. ஜூன் மாதத்துப் பழைய படங்களிலும் தேடி எடுத்துவிட்டார்கள். அத்தனை இடங்களையும் வைத்துக் கணித்தபோது, அது சூரியனுக்குக் கட்டுப்படாத பாதை, வேறொரு விண்மீன் பக்கத்திலிருந்து வந்த வால்வெள்ளி என்று தெரிந்தது. 3ஐ/அட்லஸ் என்று பெயர். அவ்வகையில் மூன்றாவது. அந்த டிசம்பரில் பூமிக்கு மிக அருகே வந்தபோதும் ஏறத்தாழ 27 கோடி கிலோமீற்றர் தள்ளியே போனது.

அந்த மாதங்களில் எமது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியவை நினைவிருக்கும். வேற்றுக்கிரகக் கப்பல் என்றன சில. முன்னோர் பாடிவைத்த தூமகேது என்றன சில. கூடலூர் கிழாரின் பாட்டையும் அதில் இழுத்துவிட்டிருந்தார்கள். அனுப்பியவர்கள் அறியாதவர்கள் அல்லர். பொறியியலாளர், மருத்துவர், ஆசிரியர். வந்ததை அவர்கள் சரிபார்க்காததற்குக் காரணம் படிப்பு இல்லாமை என்று நான் நினைக்கவில்லை. தமிழில் வானத்தைப் பற்றி எழுதப்பட்டால் அது சரிபார்ப்பதற்கு அல்ல, உணர்ச்சிக்கு என்று நாமே பழக்கிவைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் வேலைக்கு அறிக்கை எழுதும்போது ஒரு மனிதர், தமிழில் எழுதும்போது வேறு மனிதர். எமது மொழியை நினைவுகூரவும் அழவும் மட்டும் ஒதுக்கிவிட்டோமானால், அடுத்த தலைமுறை அதில் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை. இதுவே எனக்கு இருக்கும் கவலை.

கூடலூர் கிழாரும் அழத்தான் செய்தார். அழுகைக்கு முன் மாதத்தையும் நாளையும் மூன்று நட்சத்திரங்களையும் வைத்தார். அதற்குக் கவிதையில் இடமில்லை என்று அவருக்குத் தோன்றவில்லை. ரகுநாதாச்சாரி பண்டிதரைக் கேள்வி கேட்க விட்டார். ஆகவே நான் கேட்பது இறக்குமதிச் சரக்கு அல்ல.

இதழாசிரியர்களுக்கும் மேடை அமைப்பாளர்களுக்கும் என் வேண்டுகோள் சிறியது. வானத்தைப் பற்றி, ஏன், எமது வரலாற்றைப் பற்றியும் ஒரு கட்டுரை வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எப்போது, எங்கே கண்டது? வேறு யார் கண்டார்கள்? இது பிழையென்றால் வாசகருக்கு அது எப்படித் தெரியவரும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள், எழுதியவர் மீண்டும் ஓர் இரவு பார்த்துவிட்டு வரட்டும்.